எட்வேட்டின் கைத்துப்பாக்கி மேம்பாடு அடைந்த வரலாறு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க காரியம், 1994ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பார்க்டேலில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பேஸ்மென்ற் சலவை அறையில் தொடங்கியது. பார்க்டேல் தமிழர் முன்னேற்ற ஒன்றியத்தின் அவசரக் கூட்டம். சமுகமளித்தோர் விவரம் வருமாறு:

தலைவர் திரு. இராஜரட்ணம், சமாதான நீதவான் (ஊரில்), அறையிலிருந்த ஒரே கதிரையில். பொருளாளர் திரு. பத்மநாதன், நகைக்கடை உரிமையாளர், சவர்க்காரப் பெட்டியின் மேல். திரு. சீமோன், கராஜ் வைத்திருப்பவர், ஓடிக்கொண்டிருந்த வோஷிங் மெஷினின் மேல். ஆகையால் அன்று அவருடைய கருத்துகள் சற்று நடுங்கியே வெளிவந்தன. செயலாளராகிய நான் ட்ரையரில் சாய்ந்து, சூடாக. விசேட விருந்தினர் திருமதி கிறிஸ்ரினா நின்றுகொண்டிருந்தார். ஒன்றியத்தின் யாப்பு விதிகளின்படி கதிரை தலைவருக்குரியது. அங்கத்தவர் குணவதி அன்ரி யாப்பைப் படித்திராதபடியால், உடுப்புக் கூடையொன்றைக் கவிழ்த்து அவரை அதில் இருத்தினார்.

கிறிஸ்ரினா, எங்கள் கட்டடத்தின் பராமரிப்பாளர் எட்வேட்டின் மனைவி. எட்வேட் தை மாதம் காலமாகிவிட்டார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு படுக்கையறை வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். வாடகைப் பத்திரத்தில் இருந்தவை மூன்று பெயர்கள். எட்வேட் குழாய் திருத்த வரும்போதெல்லாம் ஒன்பது சோடிச் சப்பாத்துகளைத் தாண்டித்தான் உள்ளே வருவார். கணக்கில் மிகவும் பலவீனமான மனிதர். கடைசிவரை மூன்று என்றே எண்ணினார்.

கிறிஸ்ரினா மடியிலிருந்த தோலுறையைத் திறந்தார். உள்ளே ஒரு கைத்துப்பாக்கி. எட்வேட்டின் பாட்டனார் 1885இல் இந்த நாட்டின் வடமேற்குப் போருக்குச் சிப்பாயாகப் போனபோது கொண்டுபோனது.

பத்மநாதன் சவர்க்காரப் பெட்டியோடு பின்னால் நகர்ந்தார். "ஐயோ, உதை அங்காலை திருப்பச் சொல்லுங்கோ! உதுகளைப் பாத்துத்தானே நான் ஓடி வந்தனான்!"

"பயப்பிடாதேங்கோ அண்ணை," என்றேன். "உதுக்கு இப்ப தோட்டாவே இல்லையாம். சட்டமே உதை ஆயுதமாய் மதிக்கிறேல்லை."

தகுதியிழந்த பொருள் என்று தெரிந்ததும் ஒன்றியத்துக்கு அதன்மேல் ஒரு சொந்தம் பிறந்தது.

கிறிஸ்ரினாவின் வேண்டுகோளை மொழிபெயர்த்தேன். எட்வேட்டின் குழிக்கு இன்னும் கல் இல்லை. பனி உருகியதும் நாட்ட வேண்டும். பெயரும் ஆண்டுகளும் மட்டும் போதும். ஏலக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, கல்லின் விலைக்குத் தாராளமாகப் போகும், இப்படியே கொண்டுவாருங்கள் என்றிருக்கிறார். கடை வரைக்கும் போகக் கிறிஸ்ரினாவுக்கு முழங்கால் இடங்கொடுக்கவில்லை. எட்வேட்டின் நண்பர்களாகிய நாங்கள் விற்றுக் கொடுப்போமா?

"இது எங்கடை கடமை," என்று தலைவர் எழுந்தார். கதிரை ஒரு கணம் காலியாயிற்று. உடனே அமர்ந்தார்.

கிறிஸ்ரினா நன்றி சொல்லி வெளியேறியதும், ஒன்றியம் அந்தப் பொருளை நிபுணத்துவத்துடன் ஆராய்ந்தது. இரும்பு கறுத்துப்போயிருந்தது. மரப்பிடியில் யாரோ கத்தியால் கண்டபாட்டுக்குக் கீறியிருந்தார்கள்.

"சீ, என்ன கோலமப்பா," என்றார் பத்மநாதன். "பழைய சங்கிலியை அழுக்கோடை ஆரும் விப்பினமோ? உருக்கி, மெருகு போட்டு, புதுசாக்கியெல்லோ குடுக்கிறது."

"இப்படியே கொண்டுவரச் சொன்னவங்கள்," என்றார் குணவதி அன்ரி.

"பிள்ளை, அது வெள்ளைக்காரன்ரை மரியாதை," என்றார் தலைவர். "கலியாண வீட்டுக்கு வெறுங்கையோடை வாங்கோ எண்டு சொல்லுறாங்கள். போறமே?"

இந்த வாதத்துக்கு உலகில் எந்த மன்றத்திலும் பதில் கிடையாது. துப்பாக்கியின் "பெறுமதி உயர்த்தும் உபகுழு" அந்த இடத்திலேயே அமைக்கப்பட்டது. சீமோனின் மெஷினும் அந்நேரம் பிழியத் தொடங்கியதால், அவர் தலை ஓம் ஓம் என்று முழு மூச்சாக ஆடியது. ஏகமனதாகப் பதிந்தேன்.

இரண்டு கிழமைகளில் நடந்தவற்றை எண்ணினால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. சீமோன் இரும்பைத் தேய்த்து, கறுப்பையும் பட்டாள முத்திரையையும் அடியோடு நீக்கி, கார் பம்பருக்குப் பூசும் குரோமியத்தைப் பூசுவித்தார். மீசை சரிபார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. கீறல் விழுந்த மரப்பிடி குப்பைக்குப் போயிற்று. அவ்விடத்தில், தலைவரின் குசினி மேசை புதுப்பித்தபோது மிஞ்சிய பலகையில் வெட்டிய புதுப்பிடி. சலவைக்கல் போன்ற தோற்றம். சூடான பாத்திரமும் வைக்கலாம். பத்மநாதன் விசைக்குத் தங்கமுலாம் பூசினார்.

எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ குறைவதாகத் தலைவருக்குப் பட்டது. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உபயம் போடேல்லையே!"

மணவறைக்கும் மைக்குக்கும் போடுகிறோம். துப்பாக்கி என்ன பாவம் செய்தது? மோதிரத்தில் எழுத்து வெட்டும் ஊசியால் பத்மநாதன் நிர்வாகத்தினர் ஐவரின் பெயர்களையும் வெட்டினார். தலைவரின் பெயருக்குக் குழலின் நீளம் போதவில்லை. "சமாதான நீதவான்" என்பது வளைந்துபோய் விசைக்குப் பக்கத்தில் முடிந்தது.

"என்ரை பேரையும் போட்டிருக்கிறியள்," என்றார் குணவதி அன்ரி. "கேட்டனியளோ?"

"உங்களுக்கு ஒரு கௌரவம் தானே அன்ரி," என்றேன்.

றிச்மண்ட் ஹில் கோயிலில் அர்ச்சனை செய்விக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. "ஐயர் நட்சத்திரம் கேட்டா என்ன சொல்லுவியள்?" என்று குணவதி அன்ரி கேட்டதால் அது கைவிடப்பட்டது.

ஏலக் கடைக்கு எல்லோரும் கோட் அணிந்து போனோம். கடையின் மதிப்பீட்டாளர், துப்பாக்கியை நாங்கள் சுற்றிக் கொண்டுபோன சால்வையை விலக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிரமித்துவிட்டார் என்று தலைவர் என் காதில் சொன்னார்.

"பழைய பிடி எங்கே?" என்றார் அவர்.

"கவலைப்படாதீர்கள், எறிந்துவிட்டோம்," என்று மொழிபெயர்த்தேன்.

அவர் ஒரு கதிரையைத் தேடி உட்கார்ந்தார். பிறகு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். மரத்திலிருந்தவை வெறும் கீறல்கள் அல்ல. அந்தச் சிப்பாய் போர்க்களத்தில் இருந்துகொண்டு தன் பெயரை வெட்டியிருந்தான். விலையில் பாதி அந்தப் பெயருக்கு. மீதி, அந்தக் கறுப்புக்கும் முத்திரைக்கும்.

"அப்ப இப்ப என்ன விலையாம்?" என்றார் சீமோன்.

"பம்பர் விற்கும் இடத்தில் விசாரிக்கச் சொல்கிறார்."

எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். தோலுறை இருந்தால் கொண்டுவாருங்கள், அதற்காவது நல்ல விலை தரலாம் என்றார். ஒன்றியத்துக்கு உயிர் திரும்பியது. எல்லோரும் பத்மநாதனைப் பார்த்தோம். பத்மநாதன் கோட்டின் முன்பக்கத்தை மெல்ல இழுத்து மூடினார். சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய இடுப்பில் பேஜர் அலறியது. கோட்டைத் திறந்து அதை நிறுத்தவேண்டியதாயிற்று. நூற்றுப் பத்து வருடத் தோலில், புது நூல் தையலுடன், அளவாக வெட்டிய பேஜர் உறை. மதிப்பீட்டாளர் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் சலவை அறையில் மீண்டும் கூடினோம். தலைவர் கதிரையில். பத்மநாதன் சவர்க்காரப் பெட்டியில், பேஜர் இல்லாமல். சீமோன் மெஷினில், அது ஓடவில்லை, ஆனாலும் அவர் நடுங்கினார். கவிழ்த்த கூடை காலியாக இருந்தது. ஏலக் கடைக்காரரின் ரசனைக் குறைவை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு கிறிஸ்ரினாவுக்கு என்ன எழுதுவது என்ற சில்லறை விஷயம் வந்தது.

"சந்தை விழுந்துபோச்செண்டு எழுதுவம்," என்றார் பத்மநாதன்.

அதுவரை ட்ரையரிலிருந்து துணி மடித்துக்கொண்டிருந்த குணவதி அன்ரி திரும்பினார்.

"அண்ணைமார், ஒண்டு கேக்கிறன். அந்த ஒன்பது பேரிலை நாலு பேர் இஞ்சை இருக்கிறியள். அந்த மனுசன் உங்கடை பேரை ஒரு இடத்திலையும் எழுதேல்லை. எழுதியிருந்தா அண்டைக்கே நடுறோட்டிலை நிண்டிருப்பியள். அவரின்ரை குடும்பத்தின்ரை பேர் ஒரு மரத்துண்டிலை கிடந்தது. அதைக் குப்பையிலை போட்டிட்டு உங்கடை பேரை வெட்டிப்போட்டு நிக்கிறியள்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. எட்வேட் இருந்திருந்தால் அதைத் திருத்தியிருப்பார்.

"கல்லை நான் பாக்கிறன். மற்ற அஞ்சு பேரும் எங்கை இருக்கினமெண்டு எனக்குத் தெரியும். ஒரு வீடு விடாமல் போய்க் கேக்கிறன். நீங்கள் நாலு பேரும் பங்கு தாங்கோ. ஆனா கல்லிலை எட்வேட்டின்ரை பேர் மட்டும்தான் நிக்கும்."

நாங்கள் நால்வரும் ஒத்துக்கொண்டோம். தலைவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி பிள்ளை, முன்பக்கத்திலை வேண்டாம். கல்லின்ரை பின்பக்கம் சும்மாதானே கிடக்கும்?"

குணவதி அன்ரி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதைத் தலைவர் யோசிப்பதற்கு அவகாசம் கேட்டதாகக் கொண்டார்.

கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. மன்னிப்புக் கேட்பதானாலும் ஒன்றியத்தின் கடிதத்தாளில்தான் கேட்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் முடிவு. புதிதாக அச்சடித்த, கண்ணைப் பறிக்கும் தாள். மேலே ஒன்றியத்தின் பெயர், பொன்னிறத்தில். அதன்கீழ் தலைவர், பட்டத்துடன். பொருளாளர், கடை முகவரியுடன். செயலாளர். ஆலோசகர்கள். ஓரத்தில் போஷகர்கள். அடியில் "தாள் உபயம்: சீமோன் கராஜ்". நடுவே இரண்டு வரிக்கு இடமிருந்தது. பிடியும் உறையும் அழிந்ததை முதல் வரியில் சொன்னேன். கல் வரும், மன்னியுங்கள் என்று அடுத்ததில் எழுதினேன். எட்வேட் என்ற பெயருக்குத்தான் இடம் போதவில்லை. "உங்கள் கணவர்" என்று சுருக்கி, உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன்.