ஊதுபத்தி அண்ணையும் வாசலில் ஒரு ஓட்டையும்

கனடாவின் மொன்றியாலில் காற்றுக்குப் பயப்படும் மனிதர்கள் லட்சக்கணக்கில் உண்டு. காற்றே பார்த்துப் பயந்த மனிதர் ஒருவர்தான். அவர் ஊதுபத்தி அண்ணை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும், எனக்குத் தெரியாது. நாங்கள் கட்டடக்கலை மாணவர்கள், அவர் எங்கள் பட்டறைத் தச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். மற்ற தச்சர்கள் காதில் பென்சில் செருகுவார்கள். இவர் காதில் ஊதுபத்தி.

பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னலில், சுவரில் காற்று எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்கு அவருடைய கருவி அது. கொளுத்தி ஓரமாகப் பிடிப்பார். புகை நேராக ஏறினால் முகம் வாடிவிடும். வளைந்தால் போதும், பட்டறையே அதிரும்.

"பாத்தீரோ பிள்ளை, இஞ்சாலை பூந்து வாறார்!"

எங்களை எல்லாம் நீர், வாரும், போம் என்பார். காற்றுக்கு மட்டும் 'ர்' விகுதி.

மொன்றியால் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு நானும் அவரும் போயிருந்தோம். அண்ணை செருப்பைக் கழற்றினார், பத்தியைக் கொளுத்தினார், வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். பின்னாலேயே நான்கு மாமிகள் பயபக்தியோடு கைகூப்பிக்கொண்டு நடந்தார்கள். "சாமியறைக்கும் ஒருக்கா காட்டிவிடுங்கோ" என்று ஒரு மாமி கெஞ்சினாள். அண்ணை திரும்பிப் பார்த்தார். "சாமியறை பரவாயில்லை. குசினி யன்னல் தான் படுமோசம். உதைக் கட்டினவனைப் பிடிச்சு உள்ளை போடோணும்." வீட்டுக்காரர் அதன்பிறகு எங்கள் இருவருக்கும் பாயசம் வைக்கவே இல்லை. எனக்கு எதற்கு அந்தத் தண்டனை என்று இன்றுவரை புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் எங்கள் வகுப்புக்கு ஒரு நிஜ வீடு கிடைத்தது. காகிதத்தில் வரைந்து மார்க் வாங்கும் வீடு இல்லை, மனிதர்கள் குடியேறப் போகும் வீடு. வடக்கே, கார் ஓட்டிக்கொண்டே போனால் ஒரு முழு நாள் ஆகும் தூரத்தில், கிறீ என்னும் பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்றில் டெய்சி என்ற பெண்ணுக்காக. மொன்றியாலிலேயே, சென்ட் லோரன்ட்டில் ஒரு கிடங்குக்குள் நாங்களே கட்டி, லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். கொஞ்சம் விறகிலேயே குளிர்காலம் ஓட வேண்டும். அதற்குக் காற்றுப் புகாத வீடாக இருக்க வேண்டும்.

எங்கள் முதல் வரைபடத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. டெய்சி நிதானமாகப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. யார் துடைப்பது?" என்று கேட்டாள். பனிச் சப்பாத்து கழற்றவும் வேட்டையாடிய வாத்தைத் தொங்கவிடவும் ஒரு குளிர் அறை கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. அவளும் அவள் மகன் பென்னும் அவளுடைய அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். பதினொரு பேர், மூன்று அறை, சுவரெல்லாம் பூஞ்சணம். மூன்று வயதுப் பென் இருமினால் இரண்டு நிமிடத்துக்கு நிறுத்த மாட்டான். அந்த வீட்டில் இன்னொரு வருடம் வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு இருந்த அவகாசமோ மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அதன்பின் பனி உருகி ரோடு இளகும். கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். அந்த லாரியைத் தவறவிட்டால் அடுத்த அனுமதி, அடுத்த ஆட்கள் என்று இழுத்து இன்னொரு குளிர்காலம் ஆகிவிடும். காற்றுப் பரிசோதனையில் தேறாத வீட்டை லாரியில் ஏற்றக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் நான் அந்தத் துரோகத்தைச் செய்தேன். அண்ணையின் புகையால் பல்கலைக்கழகத்தில் மூன்றாவது முறையாக அபாய மணி அடித்தது. உறைகிற குளிரில் ஆறு மாடிக்காரர்களும் தெருவில் நின்றோம். சூப் கிண்ணத்தோடு ஓடிவந்த ஒருவன் சூப் கட்டியாகிவிட்டது என்று சத்தியம் செய்தான். என் கோட்டு உள்ளே மாட்டிக்கொண்டது. பல் தந்தியடிக்க, ஆத்திரம் கண்ணை மறைக்க, எங்கள் பேராசிரியை மதாமிடம் போய் "ஊதுபத்தி" என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாளே பட்டறைக் கதவில் ஊதுபத்திக்குத் தடை என்று அறிவிப்பு. அண்ணை அதை ஒருமுறை வாசித்தார். உளியைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பரிசோதனை. வாசலில் துணித்திரை கட்டி நடுவே ஒரு பெரிய விசிறியை வைப்பார்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். ஓட்டை இருந்தால் அது வழியே வெளிக்காற்று உள்ளே பாயும். எவ்வளவு பாய்கிறது என்று கருவி எண் காட்டும். ஒன்றுக்குக் கீழே வர வேண்டும். வந்தது ஒன்று புள்ளி இரண்டு. பரிசோதகர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ரகம். "நான்கு மணிக்குக் கிளம்புவேன்" என்று அறிவித்துவிட்டார்.

ஜன்னல், கூரை மூட்டு, மின்சாரப் பெட்டி எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த கையோடு வீட்டைப் பார்க்க டெய்சியும் வந்திருந்தாள். மடியில் பென். அவன் இருமும்போதெல்லாம் நாங்கள் பதினைந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். மணி இரண்டு. நான் யாரிடமும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு, அண்ணை குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு ஓடினேன்.

இரண்டாம் மாடிக் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "ஓ, பொலிஸ் வந்திட்டுதோ?" என்றார்.

"அண்ணை, மன்னிச்சிடுங்க. மதாம்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும். உம்மடை முகத்திலை தானே எழுதியிருக்கு."

"டெஸ்ட்ல ஃபெயில் ஆயிடுச்சு. ஒன்று புள்ளி இரண்டு. எங்க ஓட்டைன்னே தெரியல."

"வேண்டாமெண்டு விட்டவை. பேந்து நான் என்னெண்டு வாறது? எனக்கும் ரோசம் இருக்குதெல்லே?"

"டெய்சி வந்திருக்காங்க. பையனையும் கூட்டிட்டு."

கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். "பெடியன் இருமுறானோ?"

"விடாம இருமுறான் அண்ணை."

"அந்தச் சப்பாத்தை எடுத்துத் தாரும்" என்றார்.

அவருடைய வேனைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று வருகிறது என்று ஓட்டுநர் கதவையே டேப் போட்டு ஒட்டியிருந்தார். பக்கத்துக் கதவால் அவர் முதலில் ஊர்ந்து உள்ளே போக, பின்னால் நான் ஏற வேண்டும். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மனிதர் முழு வேகத்தில் ஓட்டியும் மணி மூன்று பத்து.

கிடங்குக்குள் அவர் நுழைந்ததும் எல்லோரும் மதாமைப் பார்த்தார்கள். மதாம் அவர் காதிலிருந்த பத்தியைப் பார்த்தார். "அலே!" என்றார். நடக்கட்டும் என்று அர்த்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணை அறை அறையாகப் போனார். புகை எங்கும் கம்பி மாதிரி நேராக நின்றது. மூன்று இருபத்தைந்து. பரிசோதகர் பெட்டியை மூட ஆரம்பித்தார். கடைசியில் அண்ணை வாசலுக்கு வந்து விசிறிக்குக் கீழே குப்புறப் படுத்துக்கொண்டார். அந்த இடத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அங்கே புகை எப்படியும் விசிறிப் பக்கம்தான் ஓடும், பார்த்து என்ன பயன் என்று விட்டுவிட்டோம். ஆனால் நிலைக்கட்டையை ஒட்டிப் பிடித்தபோது புகை விசிறிக்கு ஓடும் முன் ஒரு துள்ளு துள்ளி மேலே எழும்பியது. அவர் உள்ளங்கையால் மூடினார். துள்ளல் நின்றது. எடுத்தார். மறுபடி துள்ளியது.

"பூந்து வாறார்" என்று கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"பிள்ளை, மதாமைக் கூப்பிடும். இது நான் போட்ட ஓட்டை."

"என்னது?"

"நிலை வைச்ச அண்டைக்கு நீங்கள் எல்லாரும் சாப்பிடப் போனனீங்கள். நிலைக்கு அடியிலை ஒரு பொட்டுப் பொன் வைக்காமல் என்னெண்டு வீடு கட்டுறது? மனுசியின்ரை தோட்டுத் திருகாணியை வைச்சனான். அவள் இண்டைக்கும் தேடுறாள்."

"ஒரு திருகாணிக்கா இவ்வளவு பெரிய ஓட்டை?"

"மஞ்சள் துண்டும் வைச்சனான். மேலே கட்டை இறுக்கிப் பசை போட்டனான். குளிருக்குக் கட்டை சுருங்கிப் போச்சுது போலை." எழுந்து நின்றார். "அந்தப் பிள்ளையளுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு செய்தது. அவையின்ரை வீட்டையே நிப்பாட்டிப் போட்டன்."

ஊரெல்லாம் ஓட்டை தேடின மனிதர் தன் கையால் ஓட்டை போட்டிருக்கிறார்! உள்ளங்கையை அங்கேயே அழுத்திக்கொண்டு 'பசை கொண்டா' என்று சொல்லியிருந்தால் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. தன் வேலை போகும் என்று தெரிந்தும் அந்த மனிதர் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். நானோ, குளிர் தாங்காமல் காட்டிக் கொடுத்தவள்.

மதாமுக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் பிரெஞ்சு ரொட்டி வாங்கப் போதும். நிலை வைக்கும் சடங்குக்குப் போதாது. பொன், மஞ்சள், கதவு, கடவுள் என்று நான்கு சொற்களை வரிசையாக அடுக்கினேன். பரிசோதகர் முதல்முறையாகக் கடிகாரத்தை மறந்து, "நிஜப் பொன்னா?" என்று கேட்டார். மதாம் குனிந்து நிலையைத் தடவிப் பார்த்தார். அண்ணை டெய்சிக்கு முன்னால் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

டெய்சி கேட்டாள். "அதைத் தோண்டி எடுக்க எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"எடுக்க வேண்டாம். என் வாசலுக்கென்று வைத்தது என்னோடு வரட்டும். மூடுங்கள்."

அண்ணை மூடினார். பசை, அதன்மேல் டேப், மறுபடி பசை. மூன்று ஐம்பதுக்கு விசிறி மறுபடி சுழன்றது. ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி பூஜ்யம் ஐந்து. ஒன்று. அங்கேயே நின்றது. பென் கூட இருமலை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. மதாம் என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். நக அடையாளம் இரண்டு நாள் இருந்தது. எண் லேசாக ஆடியது. பூஜ்யம் புள்ளி ஒன்பது ஆறு.

கிடங்கே அலறியது. அண்ணை அலறவில்லை. பத்தியோடு குளியலறை ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். "சும்மா ஒருக்காப் பாப்பம்."

வெள்ளிக்கிழமை காலை வீடு லாரியில் ஏறியது. கயிற்றை இறுக்கிக் கட்டவில்லை என்று அண்ணை டிரைவரிடம் தமிழிலேயே சண்டை போட்டார். டிரைவர் பிரெஞ்சில் திருப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமை மதாம் தடை அறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டார். கூடவே அண்ணையின் மேசைக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தார்.

நவம்பரில் டெய்சியிடமிருந்து என் போனுக்கு ஒரு ஒலிப்பதிவு வந்தது. 'வெளியே பனிப்புயல். பென் தூங்குகிறான். உங்கள் தச்சருக்குப் போட்டுக் காட்டு' என்று எழுதியிருந்தாள். பார்க் மெட்ரோ பக்கத்துத் தேநீர்க் கடையில் அண்ணையிடம் போனைக் கொடுத்தேன். காதோடு அழுத்திக்கொண்டார். ஒரு நிமிடப் பதிவு. ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சு மட்டும். ஒரு இருமல் இல்லை. முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமலே, "இன்னொருக்காப் போடும் பிள்ளை" என்றார்.

தேநீர் ஆறிப்போகும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் போடுவேன்.