ரிஜெக்ட் மாஸ்டரும் ஒரு விரற்கடை மண்ணும்

பௌர்ணமி நிலவை அண்ணாந்து பார்த்து, "புள்ளி ஜாஸ்தி, மூணாம் நம்பர்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ரிஜெக்ட் மாஸ்டர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் யாருக்கும் அது தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூட "ரிஜெக்ட் மாஸ்டர் வீடு எது?" என்றுதான் கேட்பார். முப்பது வருஷத்துக்கு மேல் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், செலக்‌ஷன் வேலை பார்த்தவர். பதம் போட்ட தோல்களை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, தடவி, மடக்கி, ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர், ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவதுதான் செலக்‌ஷன். மாட்டை உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கிழித்த கோடு, உரித்தவன் கத்தி தவறிய இடம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வேலையிலிருந்து அவர் ரிட்டையர் ஆகிவிட்டார். கண் ஆகவில்லை.

பாப்பா பிறந்து மூன்றாம் மாதம் அம்மா வீட்டிலிருந்து வந்து இறங்கினேன். மாஸ்டரின் மனைவி, நாங்கள் மாஸ்டரம்மா என்று கூப்பிடுவோம், ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். மாஸ்டர் குறுக்கே புகுந்து பாப்பாவின் கையைத் தூக்கி, திருப்பி, காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எடது கன்னத்துல ஒரு கொசுக்கடி. அது மறஞ்சிரும். ஒண்ணாம் நம்பர்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மதியம் முழுக்க அந்தக் கொசுக்கடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறையாவிட்டால்?

தோசை கொடுத்தனுப்பினால் வாயில் வைப்பதற்கு முன் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். "ஓரம் ஓகேம்மா. நடுவுல திக்னஸ் சரியில்ல." என் கணவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் காலரை மடக்கிப் பார்த்து, "ரெண்டாம் நம்பர் தம்பி, ஒண்ணாம் நம்பர் ரேட்டு வாங்கிட்டான்" என்பார். என் கணவர் அன்று முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பார்.

"ஊரையே நம்பர் போட்டுக்கினு கீறாரு இந்த ஆளு" என்பார் மாஸ்டரம்மா. "என்ன மட்டும் ஒரு நம்பரு சொன்னது கிடையாது. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசம். பயம்!"

எனக்கும் அவர் எந்த நம்பரும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்குக்கூட நான் தேறவில்லையோ என்று யோசித்த மதியங்கள் அநேகம்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு மண் துண்டு கிடந்தது. இந்தப் பக்கம் எங்கள் சுவர், அந்தப் பக்கம் அவர்கள் சுவர், தலைக்கு மேலே அடுத்த காம்பவுண்டின் புங்க மரம். வெயில் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. மாஸ்டரம்மா வைத்த துளசி செத்தது. நான் வைத்த ரோஜா, பதியன் வாங்கிய காசின் துக்கம் ஆறுவதற்குள் செத்தது. துணி துவைத்த தண்ணீர் மட்டும் செழிப்பாகத் தேங்கியது.

ஒருநாள் மாஸ்டர் நெமிலியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, ஈர நியூஸ்பேப்பரில் ஒரு கட்டோடு திரும்பினார். விரல் நீளத் தண்டுகள். இலையின் மேல்பக்கம் இரும்பைத் தேய்த்து வைத்தாற்போல் கரும்பச்சை, கீழ்ப்பக்கம் ஊதா. பூ என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, இலைதான் அழகு. நிமிர்ந்து வளராது, தரையோடு தரையாகப் படரும். வெயில் பட்டால்தான் அதற்குக் கோபம். நர்சரிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று சொல்வார்கள். மாஸ்டர் 'கிளேஸ் கிட்' என்று பெயர் வைத்தார். ஆட்டுத்தோலைக் கண்ணாடிபோல மெருகேற்றினால் ஷாப்பில் அதற்கு அந்தப் பெயராம்.

நட்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஈரத் தோலைச் சும்மா விட்டால் சுருங்கிவிடும் என்று அதை இழுத்து விரித்து ஓரமெல்லாம் கிளிப் மாட்டிக் காயவைப்பார்கள். மாஸ்டர் செடியையும் அப்படித்தான் செய்தார். தண்டை மண்ணில் படுக்கவைத்து, இழுத்து, கணுவுக்குக் கணு ஒரு ஹேர்பின் குத்தினார். அதிசயம், குத்திய கணுவிலெல்லாம் வேர் விட்டது. மாஸ்டரம்மாவின் கொண்டையில் ஒரு பின் மிச்சமில்லை.

"என் தலைய அவுத்து மண்ணுல நட்டு வெச்சிக்கீறாரு. பேய் மாதிரி திரியறேன் நான்!"

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் காலை பதினோரு மணிக்கு வீடு வீடாகப் பக்கெட்டோடு வந்து அரிசி களைந்த தண்ணீர் கேட்பார். அதையும் தூக்கிப் பார்ப்பார். "ரெண்டாவது கழுவலாம்மா இது? மொதல் கழுவல் இன்னாச்சு?" வடித்துக் கொட்டியதற்காக நான் மன்னிப்புக் கேட்பேன்.

பாப்பா தவழ ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற வயது. "மாஸ்டர், இந்த இலை விஷமெல்லாம் இல்லையே?" என்று கேட்டேன். போனில் தேடியிருந்தேன். விஷம், விஷமில்லை என்று ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள்.

அவர் குனிந்தார். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"உப்பு கம்மி."

எனக்கு அதோடு கவலை இரட்டிப்பானது. இப்போது இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அன்று மாலை வரை அவர் வீட்டுச் சுவரில் காது வைக்காத குறை. அரை மணிக்கொரு தரம் இருமல் கேட்டதா என்று பார்த்தேன். நாலு மணிக்கு மாஸ்டரம்மாவிடம் டீ சரியில்லை என்று சண்டை போட்டார். அதற்கப்புறம்தான் நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

இப்படிப்பட்ட நான்தான் அந்தக் காரியத்தையும் செய்தேன்.

ஒருநாள் காலை குழம்பை இறக்கி வைக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். பாப்பா வாசற்படி தாண்டிப் பாத்தியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஹேர்பின். கை வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே வீட்டு ஓனர் பாய்க்கு போன் போட்டு, பூச்சி, பூரான், சேறு, கம்பி என்று மூச்சு விடாமல் சொல்லி, "அந்த இடத்துக்கு சிமெண்ட் போட்டுக் கொடுத்துடுங்க பாய்" என்றேன்.

போனை வைத்த மறு நிமிடமே மனசு அடித்துக்கொண்டது. முதலில் மாஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லத் திரும்ப போட்டேன். லைன் பிஸி. அதற்குள் அவர் கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தாராம்.

மாலையில் பாய் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, என் கால் வெளியே தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"மாஸ்டர், இந்த எடத்துல சிமெண்ட்டு போட்றலாம்னு இருக்கேன்."

"இன்னாத்துக்கு பாய்?"

"கம்ப்ளைண்ட் வந்துக்கீது. மண்ணு கீற எடத்துல பூச்சி, சேறு. பச்சக் கொழந்த இருக்கற காம்பவுண்டு."

"மண்ணே தெரியாம மூடிட்டா?"

"இது மூடுமா? மொட்டத் தலையில நாலு முடி மாதிரி கீது."

"மூடும் பாய். டைம் குடுங்க."

பாய் வானத்தைப் பார்த்தார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஈரத்தில் சிமெண்ட் வேலை ஆகாது. "சரி. மழ நின்னப்புறம் மேஸ்திரியோட வருவேன். ஒரு விரக்கட மண்ணு தெரிஞ்சாலும் சிமெண்ட்டுதான். அப்புறம் என்ன பேஜார் பண்ணக்கூடாது."

மறுநாள் காலை என் ஜன்னல் விளிம்பில் ஒரு ஊறுகாய் பாட்டில் இருந்தது. உள்ளே பாத்தியில் இருந்த அத்தனை ஹேர்பின்களும். பாத்தியில் அவற்றுக்குப் பதில் வளைத்துக் குத்திய ஈர்க்குச்சிகள். பதினோரு மணிக்கு மாஸ்டர் வழக்கம்போலப் பக்கெட்டோடு வந்து நின்றார். போன் போட்டது நான் என்று தெரிந்துவிட்டதோ? தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் சும்மா இருப்பாரா?

மழை பெய்தது. செடி ஓடியது. கணுவுக்குக் கணு வேர் பிடித்தது. ஆனாலும் பாத்தி மூடவில்லை. காரணம் மழையுமல்ல, நிழலுமல்ல. மாஸ்டர்தான்.

காலையில் காபி குடித்ததும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார். புழு கடித்த ஓட்டை, ரிஜெக்ட். ஓரம் கிழிசல், ரிஜெக்ட். நிறம் ஒரு பிடி கம்மி, ரிஜெக்ட். தண்டோடு கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே போவார். செடி ஒரு சாண் ஓடினால் இவர் முக்கால் சாண் கிள்ளுவார்.

"யோவ், ஏற்கெனவே மொட்ட! அதுல ரிஜெக்ட்டு வேற பண்றியா?" என்று கத்துவார் மாஸ்டரம்மா. "பாய் வந்து சிமெண்ட்டு போடட்டும், அப்ப நம்பரு போட்டுக்கினு உக்காரு!"

"ஓட்டைய கண்ல பாத்துட்டு எப்புட்றி வுடறது?"

உண்மையாகவே அவரால் முடியவில்லை. கை தானாகப் போயிற்று. சிமெண்ட் வந்தால் அதற்குக் காரணம் நான். இந்த மனிதர் அப்புறம் காலையில் எழுந்து எதைத் திருப்பிப் பார்ப்பார்?

மதியம் இரண்டு மணிக்கு மாஸ்டர் தூங்குவார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் திருடி மாதிரிப் போய் ரிஜெக்ட் கூடையைத் துழாவுவேன். கணு இருக்கிற தண்டாகப் பார்த்து, கீழ் இலையைக் களைந்து, மண் தெரிகிற இடத்தில் அழுத்தி, ஈர்க்குச்சியை வளைத்துக் குத்துவேன். ஓட்டை இலை, கிழிசல் இலை, வெளுத்த இலை. செய்வது சரியா என்று தெரியவில்லை. ஆனால் எல்லாம் பிழைத்தன. ரிஜெக்ட்டுகளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

மறுநாள் காலை மாஸ்டர் தடவிக்கொண்டே வருவார். நான் நட்ட ஓட்டை இலையில் கை நிற்கும். என் மூச்சும் நிற்கும். ஒரு செருமல். கை அடுத்த இலைக்குப் போய்விடும். பாவம், கண்ணுக்கும் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மார்கழி பிறந்து மழை நின்றது. பாய் மேஸ்திரியோடு வந்துவிட்டார். பாத்தி சுவருக்குச் சுவர் கரும்பச்சையாகக் கிடந்தது. பாய் விரலை மண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்தில் ஒன்றுமில்லை. கடைசியில் குழாயடி மூலை. என் மூலை. அங்கே நின்றுவிட்டார்.

"இன்னா மாஸ்டர் இது? இது ஓட்ட, இது கிழிசல், இது வெளுத்துக் கீது. நீங்களா இத வுட்டு வெச்சீங்க? இதெல்லாம் கிள்ளிட்டா மண்ணு தெரியுமே!"

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தோம். மேஸ்திரி கரண்டியைக் கை மாற்றிப் பிடித்தார். மாஸ்டர் குனிந்தார். நட்சத்திரம் நட்சத்திரமாக ஓட்டை விழுந்த ஒரு இலையை ஒடிக்காமல் நிமிர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்து, தடவினார். அவர் வாயில் அந்த வார்த்தை உருள்வது எனக்குத் தெரிந்தது. நிலாவுக்கே விட்டுக்கொடுக்காத வாய்.

"பாஸ்" என்றார்.

"இன்னாது?"

"பாஸ் பாய். மண்ண மூடுதா இல்லியா? மூடுதுல்ல. பாஸ்."

மாஸ்டரம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பாய் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார். மேஸ்திரிக்கு டீ மட்டும் கிடைத்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "மாஸ்டர், அன்னைக்கு பாய்க்கு போன் பண்ணது நான்தான்."

"தெரியும்மா."

"எப்போ?"

"அன்னிக்கே. பாய் வயித்துல ஒரு சேதி தங்குமா?"

"அந்த மூலையில நட்டது..."

"அதுவும் தெரியும். ஈர்க்குச்சிய நீ எடது கை பக்கமா வளைக்கிற."

"கோபம் இல்லையா?"

"கொழந்த வாய்க்கு ஹேர்பின்னு போவுது, போன் பண்ணாம இன்னா பண்ணுவ? மொத நாளே எங்கிட்ட கத்தியிருக்கணும். நான் கண்ணு இருந்தும் பாக்கல. அது என் ரிஜெக்ட்டு."

அடுத்த வருஷம் கணவருக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்தது. குட்டி யானை வண்டியில் சாமான் ஏற்றும்போது மாஸ்டர் பக்கத்தில் நின்று, "பீரோ ரெண்டாம் நம்பர், கட்டில் மூணாம் நம்பர், மிக்சி ரிஜெக்ட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒரு பெயிண்ட் வாளியில் கிளேஸ் கிட் தண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். இனி எப்போது கேட்பது என்று கேட்டுவிட்டேன்.

"மாஸ்டர், எல்லாத்துக்கும் நம்பர் சொல்றீங்க. நான் எத்தனையாம் நம்பர்?"

அவர் என்னை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"லாரியில வந்து எறங்கற சரக்குக்குத்தாம்மா செலக்‌ஷன். வீட்ல கீறவங்களுக்கு இன்னாத்துக்கு?"

வாசலில் நின்ற மாஸ்டரம்மா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராணிப்பேட்டையில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே வெயில் வராது. அங்கே இப்போது மண் தெரியவில்லை. பாப்பா அவ்வப்போது புழு கடித்த இலை ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறாள். நான் வாங்காமல் குனிந்து பார்க்கிறேன். ஓட்டை வழியே அவள் கண் தெரிகிறது.

"பாஸ்" என்கிறேன்.