பேக்கரிக்காரன் வீட்டில் கோதுமைக்குத் தடை

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய பேக்கரிக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே நலமா இல்லையா என்பது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால்தான் தெரியும்.

தங்கையின் மூட்டுவலி தாங்கள் அறிந்ததே. வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரனைத் திருடன் என்று நினைத்து அடிக்கிற மாதிரி, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோயாம். டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார். காலையில் அவளுக்கு விரல் மடங்குவதில்லை. தலை பின்னிவிடுவது நான்தான். "கடையில முறுக்குற ரொட்டி மாதிரியே இருக்கு" என்று சிரிப்பாள்.

இந்த லட்சணத்தில்தான் நீங்கள் போனில் கூப்பிட்டு, "கோதுமைய நிறுத்தச் சொல்லு மாப்பிள்ளை, வலி பறந்துபோயிடும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு அப்படித்தான் போச்சு" என்றீர்கள். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். மாட்டிக்கொண்டது நான். இருபத்தாறு வருஷமாக மாவு பிசைகிறவன், என் இமையில்கூட மாவு இருக்கும். உங்கள் தங்கை என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னங்க, நீங்களே அரை மூட்டை கோதுமைதானே!" என்றாள். அன்றிலிருந்து எனக்குப் பின்வாசல்தான், குளித்துவிட்டுத்தான் பிரவேசம், படுக்கை சோபாவில். ஒருநாள் பின்கதவு காற்றில் சாத்திக்கொண்டு, நான் துண்டோடு வெளியே நிற்க, எதிர்வீட்டு டீச்சர் "குட் மார்னிங் சார்" என்றார். பதில் சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். இதற்கு நடுவில் சோயா சாஸில் கோதுமை, சூப் பாக்கெட்டில் கோதுமை! மளிகைக் கடையில் பூதக்கண்ணாடியோடு லேபிள் படித்துக்கொண்டிருந்தேன், கடைக்காரர் என்னை அதிகாரி என்று நினைத்துப் பழைய சரக்கையெல்லாம் உள்ளே ஒளித்துவைத்தார். அரிசி மாவில் ஒரு ரொட்டி சுட்டுப் பார்த்தேன். கத்தி இறங்கவில்லை. உங்கள் தங்கை தங்கமான மனசுக்காரி, "வாசனை நல்லா இருக்கு" என்றாள்.

மூன்றாவது வாரம் ஜாம் பாட்டில் மூடியை அவளே திருகித் திறந்தாள், மச்சான். சந்தோஷப்பட வேண்டிய நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷமும் என் கையாலேயே அவளுக்கு விஷம் ஊட்டியிருக்கிறேனா?

டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கொதித்துப்போனார். "யாரக் கேட்டு நிறுத்துனீங்க? போன மாசம் மாத்திரைய மாத்தினேனே, அதனாலகூட வலி குறைஞ்சிருக்கலாம். கோதுமைய விட்டா சிலருக்குக் குறையுது, எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது. குடலுக்குக் கோதுமை ஆகுதா ஆகலையான்னு தெரியணும்னா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் ரத்தம் எடுக்கணும். ஆறு வாரம் தினமும் ரொட்டி குடுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். ஆறு வாரம்! தினமும் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு எதிரே நிற்பேன். "இப்படி வாயையே பாத்துக்கிட்டிருந்தா எப்படிங்க உள்ள எறங்கும்?" என்பாள். நான் திரும்பி நின்று மிச்ச ரொட்டியைத் தின்பேன்.

நான்கு நாளைக்கு முன் ரத்தம் கொடுத்தாயிற்று. இன்று மாலை முடிவு. கோதுமைதான் எதிரி என்று வந்துவிட்டால் கடையை விற்றுவிடப்போகிறேன். உங்கள் சிநேகிதர் ஒருவர் கடை தேடுவதாகச் சொன்னீர்களே, அவரிடம் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது, உண்மைதான். ஆனால் அவள் கை மறுபடி இறுகிப்போனால் நான் அடுப்பெரித்து ஆகப்போவது என்ன?

உங்கள் வீட்டு அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: இனி யாருக்கும் போனில் வைத்தியம் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
வயிற்றைக் கலக்கும் கவலையோடு,
தங்கை கணவன்

பின்குறிப்பு: முடிவு வந்துவிட்டது. உங்கள் தங்கைக்குக் கோதுமையால் ஒரு குற்றமும் இல்லை. அவள் ரத்தம் கொடுத்த அன்றைக்கு டாக்டரம்மா என் வெளிறிய முகத்தைப் பார்த்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "உங்களுக்கும் எடுத்துடலாம்" என்று ஒரு குழாய் ரத்தம் எடுத்ததை எழுத மறந்துவிட்டேன். கோதுமை ஆகாதது எனக்காம், மச்சான்! குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்யும்வரை ரொட்டியை நிறுத்தக் கூடாதாம், உறுதியானால் ஆயுளுக்கும் தொடக் கூடாதாம். சிநேகிதரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தங்கை கடைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "பிசையறதுக்கு மெஷின் வாங்குவோம், நான் பாத்துக்கறேன். எனக்குக் கை சரியில்ல, உங்களுக்கு வயிறு சரியில்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறாமலா போயிடும்?" என்கிறாள்.