பிளகின் தேடு படலம்

காலை ஆறு மணிக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி வைத்தான். பல் துலக்கினான். ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதில்லை. ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டான்.

போட்டான் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டோம். பொறுத்தருள்க! வாழ்க அந்தச் சுட்டுவிரல்! திண்டிவனம் திருநகரில், மாடியறை என்னும் மாக்கோட்டையில், ஒரு கால் ஆடும் மேசையைத் தேராகவும் கிழிந்த ரெக்சின் நாற்காலியை அரியணையாகவும் கொண்டு, பத்து மாதம் உறங்கிய இயந்திரத்தை ஒரு தட்டில் எழுப்பிய இளவழகன் வாழ்க! கெடார் முதல் மரக்காணம் வரை ஆட்டோக்களின் உச்சியிலிருந்து முழங்கும் விளம்பரங்களை ஆக்கியவன். தோலைத் தொடாமல் தவில் அறைந்தவன். மூச்சு விடாமல் சுட்டெலியால் நாதசுரம் ஊதியவன். சவரம் செய்து ஒன்பது நாளானவன். அவன் வென்ற கதையைப் பாடப் புகுகின்றோம். மின்சாரமே, கதை முடியும்வரை நீ எங்கும் போய்விடாதே!

போர் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடலாம். சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கெடாரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் பச்சைமுத்துவுக்காக ஒரு நிமிட விளம்பரம் பதிவானது. பேசியவள் இளவழகனின் மனைவி கலைமதி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மூன்று போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் தரையில் உட்கார்ந்து பேசினாள். பாதியில், கீழே காஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டார். இளவழகன் பதிவை ஓடவிட்டு இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது விளம்பரம் முடிந்து, அதற்கு மேலும் பதினொரு விநாடி ஓடியிருந்தது. பேச்சு இருக்கும் இடம் திரையில் மேடாகத் தெரியும். அந்தப் பதினொரு விநாடியின் கடைசியில் ஒரு சிறு மேடு. ஏதோ சொல்லியிருக்கிறாள். அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிட்டான். அடுத்த மாதம் கலைமதிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் இறந்துபோனாள். அவள் சொன்னவற்றில் அவன் இன்னும் கேட்காதது அது ஒன்றுதான்.

பத்து மாதமாக அதைத் திறக்கும் துணிவு அவனுக்கு வரவில்லை. துணிவைப் பை நிறைய மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, காலை ஒன்பது மணிக்கு மாடியேற்றிக் கொண்டுவந்தவர் பச்சைமுத்துதான்.

“தம்பி, என் பழைய நம்பர எம்பொண்ணு எடுத்துக்கினு புருஷன் வூட்டுக்குப் போயிட்டா. விளம்பரத்துல நம்பர மட்டும் மாத்திக் குடுப்பா.”

“வேற யாரையாச்சும் பேச வெச்சி புதுசாப் பண்ணிடலாம்ண்ணா.”

“பண்ணிப் பாக்கலன்னு நெனைக்கிறியா? மச்சினன் பொண்ணு பேசுனா. ஆட்டோ ஊரெல்லாம் சுத்திக்கினு வந்துச்சி, ஒரு நாயி கூடத் திரும்பிப் பாக்கல. கலைமதி குரலு வந்தாத்தாம்ப்பா கேனத் தூக்கிக்கினு வெளிய வர்றாங்க.”

புது எண்ணின் இலக்கங்கள் எல்லாம் பழைய எண்ணிலும் இருந்தன. வெட்டி வரிசை மாற்றினால் போதும். ஆனால் பச்சைமுத்துவின் கையிலிருந்த விளம்பரத்தில் குரலும் நாதசுரமும் களியும் குழம்புமாய்க் கலந்து கிடந்தன. தனிக்குரல் வேண்டும். தனிக்குரலோ உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

பாட்டு செய்யும் சாஃப்ட்வேர், பிளகின் எனப்படும் குட்டி சாஃப்ட்வேர்களைத் தனக்குள் குடிவைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். ஒன்று தவில் தட்டும். ஒன்று எதிரொலி தரும். குரல்திருத்தி என்று ஒன்று, சுருதி விலகிய குரலை இழுத்துப் பிடிக்கும். அது குரலை முழுதாக விழுங்கி, வயிற்றில் வைத்துக்கொண்டு திருத்துகிற சாதி. விழுங்கிய பிறகு மூலப் பதிவு எதற்கு என்று, டிஸ்கில் இடமில்லாத ஒரு நாளில், இளவழகனே அதை அழித்திருந்தான். ஆக, கலைமதியின் குரல், அந்தப் பதினொரு விநாடி உட்பட, இருப்பது குரல்திருத்தியின் வயிற்றில்.

இனிப் போர்!

சாஃப்ட்வேர் திறக்கும்போதெல்லாம் தன் படையைத் தலையெண்ணும். எண்ணத் தொடங்கிற்று. ஒன்று என்றது, பத்து என்றது, நூறு என்றது; இருநூற்றுப் பன்னிரண்டு பிளகின் மறவரும் பெயர் சொல்லக் காத்து நிற்க, நீலக்கோடு திரையில் வெள்ளம்போல் ஏறிவர, மல்லாட்டை உடைத்த பச்சைமுத்துவின் கை அந்தரத்தில் நிற்க, இளவழகனின் இதயம் முரசென அதிர, அந்தக் கோடு நூற்று நாற்பத்தேழு என்னும் இடத்துக்கு வந்ததும், செஞ்சிக் கோட்டைக் கதவில் முட்டிய கிழட்டு யானையைப்போல் அப்படியே நின்றது. நின்றது நின்றதுதான். திரை வெளுத்தது. நடுவில் ஒரு சிறு வட்டம், ஒன்றுமே செய்யாமல் சுழன்றுகொண்டிருந்தது.

“தூங்கிடுச்சா?” என்றார் பச்சைமுத்து.

“யோசிக்குதுண்ணா.”

“நம்ம தாசில்தார் ஆபீஸ் மாதிரின்னு சொல்லு.”

முதற்போரில் இளவழகன் இயந்திரத்தை அணைத்து எழுப்பினான். நூற்று நாற்பத்தேழில் நின்றது. இரண்டாம் போரில், வாயிற்காவலனாகிய ஆன்டிவைரஸைச் சற்றே உறங்கச் செய்தான். நூற்று நாற்பத்தேழில் நின்றது. மூன்றாம் போரில், சாஃப்ட்வேர் தனக்கு ஆகாதவர்களின் பெயரை இரகசியமாய் எழுதிவைக்கும் கறுப்புப் பட்டியலைக் கண்டுபிடித்து, பகை மறந்து புதிதாய் எண்ணுவாயாக என்று அதனை அடியோடு அழித்தான். படை புதிதாய் எண்ணியது. ஆகா, எவ்வளவு உற்சாகமாக எண்ணியது! நூற்று நாற்பத்தேழில் நின்றது.

அப்போதுதான் வீரன் துணைப்படை வேண்டித் தூது விடுத்தான். தூது சென்ற இடம் விழுப்புரம். எடுத்தவன் சகாயராஜ், கல்லூரித் தோழன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன், மாதா கோயில் பூசை முடிந்து அப்போதுதான் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தவன். இளவழகன் செல்பேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

“மச்சான், ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?”

“மூணு வாட்டி.”

“மூணு வாட்டியும் எழுந்துக்கலன்னா பெரிய பேஜாருதான். எதுல நிக்குதுன்னு பேரு காட்டுதா?”

“நம்பருதான் காட்டுது.”

“யாருப்பா அது, டாக்டரா?” என்றார் பச்சைமுத்து.

“கம்ப்யூட்டர் டாக்டருண்ணா.”

“ஊசி போடச் சொல்லு. ஜல்தியா ஆவட்டும்.”

விழுப்புரத்திலிருந்து பிரகடனம் எழுந்தது. “கேட்டுக்க. பிளகின்ல பாதியத் தூக்கி வெளிய போடு. அப்பவும் நின்னுச்சின்னா திருடன் உள்ள இருக்கறான். ஓடுச்சின்னா வெளிய இருக்கறான். திருடன் இருக்கற பாதிய மறுபடி பாதியாக்கு. ஆக்கிக்கினே போ.”

தும்பை சூடினான் இளவழகன். இருநூற்றுப் பன்னிரண்டு நூற்றாறாயிற்று, நூற்றாறு ஐம்பத்துமூன்றாயிற்று, தாயைப் பிரிந்த கன்றுபோல் தவில் ஒரு பக்கம் தவிக்க, உறுமி ஒரு பக்கம் உறும, பத்தாண்டாய் ஒருமுறையும் பயன்படாத ஸ்காட்லாந்துப் பைக்குழல் ‘நான் என்ன பிழை செய்தேன்’ என்று விழிக்க, எவரையும் நம்பாத அரசனைப்போல் வீரன் தன் சொந்தப் படையைத் தானே வெட்டி வெட்டி வகுத்தான். இருபத்தேழு. பதினான்கு. ஏழு. பச்சைமுத்து எழுந்து நின்றார். நான்கு. இரண்டு. மல்லாட்டைத் தோல் மடியிலிருந்து கொட்டியதை அவர் கவனிக்கவில்லை. ஒன்று!

குரல்திருத்தி.

அதை மட்டும் நீக்கிவிட்டு மற்றவரை எல்லாம் மீண்டும் உள்ளே அழைத்தான். நீலக்கோடு ஒரே ஓட்டமாய் இருநூற்றுப் பதினொன்றைத் தொட்டது. சாஃப்ட்வேர் திறந்தது! எண்ணெய் விளம்பரக் கோப்பு திறந்தது! முழங்கின முரசங்கள், ஆர்த்தன சங்குகள், “திருட்டுப்பய சிக்கிட்டான்!” என்று கூவினார் பச்சைமுத்து, விழுப்புரத்தில் ஒரு பைக் ஹாரன் மும்முறை ஒலித்தது. இளவழகன் வெற்றிப்பொத்தானை அழுத்தினான். நாதசுரம் கிளம்பியது. தவில் பின்தொடர்ந்தது. ஒரு நிமிடம் இரண்டும் மாறி மாறி வாசித்து ஓய்ந்தன.

“மேளம் கேக்குது,” என்றார் பச்சைமுத்து. “பொண்ணு எங்கப்பா?”

திருடன் என்று வெளியே தள்ளியவனின் வயிற்றில்தான் அவள் இருந்தாள்.

வென்ற வீரன் தோற்றவனிடம் தலைகுனிந்து சென்று, கைப்பிடித்து அழைத்துவந்து, பழைய இடத்தில் அமர்த்தும் அரிய காட்சி அடுத்து அரங்கேறியது. நூற்று நாற்பத்தேழு. நின்றது.

சகாயராஜ் அடுத்த உபாயம் சொன்னான். “மச்சான், அந்த ஸ்கேன் ஜன்னலப் பிடிச்சி ஓரமா இழு. பின்னால வேற எதுனா ஒளிஞ்சிக்கினு இருக்குதா பாரு.”

இழுத்தான். இருந்தது. உள்ளங்கை அகல ஜன்னல். அதில் ஒரே ஒரு வரி: உரிமச் சாவியைச் செருகவும். கொடும்பகைவன் என்று இதுவரை நாம் பாடிய குரல்திருத்தி, இரண்டு மணி நேரமாகக் கதவுக்குப் பின்னால் கைகட்டி நின்று, தன் சாவி எங்கே என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கத்தான் எவருமில்லை.

“சாவி போட்டுத்தானே இருக்குது!” என்றான் இளவழகன். பென் டிரைவ் போன்ற அந்தச் சிறு சாவியைக் காலையிலேயே, மேசைக்கடியில் கையை விட்டுத் தடவி, பெட்டியின் முதுகில் குத்தியிருந்தான்.

“லைட் எரியுதா?”

பார்ப்பதற்குள் பச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டார். பாதாளத்திலிருந்து அவர் குரல் வந்தது. “ஒண்ணும் எரியல தம்பி.” பிறகு, அதைப் பிடுங்கிப் பார்த்து, “இன்னாப்பா இது, பென் டிரைவுக்குப் பொட்டு வெச்சிருக்குது?”

அந்த ஆயுத பூஜையன்று கலைமதி திரைக்கு வைத்தாள், பெட்டிக்கு வைத்தாள், மைக்குக்கும் கத்தரிக்கோலுக்கும் அடுப்பு லைட்டருக்கும் வைத்தாள். விளம்பரம் முடிந்து கழற்றி வைத்திருந்த சாவி மிகச் சிறியது. அதில் இடமிருந்தது பெட்டிக்குள் செருகும் வாயில்தான். அங்கே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். அது பத்து மாதம் காய்ந்து, காலையில் குத்தியபோது உள்ளே ஏறி, செம்புத் தகடுகளை மூடிக்கொண்டிருந்தது.

“சந்தனமா?” செல்பேசி சிரித்தது. “டேய், வாய்ல சந்தனத்த அப்பிட்டு எப்டிடா பேசும்? சுரண்டி எடுடா!”

நூற்று நாற்பத்தேழுக்கு அஞ்சாதவன், இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் எட்டுச் சுற்றில் பிளந்தவன், சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். குத்தியதில் பாதி அழிந்து, மீதிச் சந்தனத்தில் மோதிரவிரல் ரேகை பதிந்திருந்தது. மூன்று நான்கு வளைவுகள்.

“மச்சான், லைன்ல இருக்கறியா?” என்றான் சகாயராஜ். பிறகு அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். “சரி. மெதுவாப் பண்ணு. நான் வெக்கிறேன்.”

“குடு தம்பி, நான் எடுக்கறேன்,” என்று பச்சைமுத்து கையை நீட்டினார்.

“வேணாம்ண்ணா.”

ஒரு வெள்ளைத் தாளை விரித்தான். ஊக்கின் முனையால் சுரண்டினான். பச்சைமுத்து தன் செல்பேசியின் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் ஆனது. பழைய டூத்பிரஷால் துடைத்தான். தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தான். சாவியைக் குத்தினான்.

எரிந்தது! மரகதமோ, மயிற்கழுத்தோ, பனமலை ஏரிக்கரையில் மழைக்கு மறுநாள் முளைத்த புல்லோ என்னும்படி பச்சையாய் எரிந்தது! எழுந்தது நீலக்கோடு! நூறு கடந்தது, நூற்று நாற்பது கடந்தது, நூற்று நாற்பத்தேழைத் தெருமுனை வேகத்தடைபோல் ஒரு குலுக்கலில் ஏறி இறங்கி, நூற்றெண்பது, இருநூறு என மதகுடைத்த நீராய்ப் பாய்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பெயரையும் சொல்லி முடித்தது. தவில் வந்தது, உறுமி வந்தது, பைக்குழலும் வெட்கமில்லாமல் வந்து சேர்ந்தது!

“கெடார் கடைத்தெருவுல, ஆட்டாத எண்ணெய் இல்ல, ஆட்டி வெச்ச எண்ணெய்!” என்று அறைந்தது கலைமதியின் குரல். திண்டிவனம் மாடியறையின் பல்லி ஓடி ஒளிந்தது. பச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். இளவழகன் இலக்கம் இலக்கமாய் வெட்டி, புது வரிசையில் ஒட்டினான். அவர் விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தார். பத்தும் சரி. மல்லாட்டைப் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

விளம்பரம் முடிந்த இடத்தில் இளவழகன் நிறுத்தவில்லை. பதினொரு விநாடி. உலகின் முரசுகளே, ஓய்க! ஏழு கடல்களே, அலை அடக்குக! பிறவிதோறும் தொடரும் பேரன்பை அவள் மொழிந்தாள் என்றோ, விண்ணோரும் வியக்கும் விடைமொழி ஒன்றை விட்டுச் சென்றாள் என்றோ, பாடிப் பரிசில் பெறும் புலவர் எவரும் இவ்விடத்தில் எழுதுவர். ஐந்து விநாடி ஒன்றுமில்லை, ஆறாவதில் வளையல் ஒருமுறை ஒலித்தது, எட்டாவதில் போர்வை உராய்ந்தது, பிறகு, எதிரே அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, கலைமதி சொன்னாள்:

“ஏங்க, காலு மரத்துப்போச்சி, கொஞ்சம் கை குடுங்க.”