இலவசப் பூட்டு

“பயமா இருக்கா சார்?”

“இல்லைங்க. பூட்டுதான் வேணும்.”

குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கான அரசு உதவி மையத்தின் ஆலோசகர் அம்மாள் உச்சுக் கொட்டினார். எதிரே தையல்காரர் நெளிந்தார்.

பட்டப்பகலில் அவர் வீட்டுப் பூட்டை உடைத்து, முகத்தைத் துணியால் மூடிய திருடன் ஒருவன் உள்ளே புகுந்திருந்தான். சாப்பிட வந்த தையல்காரர் அவனைப் பார்த்து அலறிய அலறலில், வெறுங்கையோடு ஜன்னல் வழியே குதித்து ஓடிவிட்டான். அரசாங்கமே புதுப் பூட்டு போட்டுத் தரும் என்று கேள்விப்பட்ட மனைவி, கையோடு இவரை இங்கே துரத்திவிட்டாள்.

“பயமே இல்லைன்னா, அதிர்ச்சி உள்ளுக்குள்ள உறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். முதல்ல மனசு, அப்புறம்தான் பூட்டு.”

“அப்ப பயம்னே வச்சுக்குங்கம்மா.”

“அடடா! அப்படின்னா தனியா விடவே கூடாதே!”

அன்று முதல் மணிக்கொரு தரம் மையத்திலிருந்து போன். “தைரியமா இருங்க சார், யாரும் வரமாட்டாங்க” என்றது ஒரு தேன்குரல். போன் அடிக்கும்போதெல்லாம் தையல்காரர் துள்ளினார். அப்படி ஒரு துள்ளலில், பேங்க் மேனேஜரின் பேண்ட்டோடு யாரோ ஒருவரின் சட்டைக் கை சேர்ந்துகொண்டது.

“போன் வேண்டாம் தாயே!” என்று கெஞ்சினார்.

போனை நிறுத்திவிட்டு, துணைக்கு ஒரு தடியரை வீட்டுக்கே அனுப்பினார்கள். அவர் பூட்டில்லாத வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகளைப் பார்க்க வந்த மாமியாரைக் குறுக்கு விசாரணை செய்து திருப்பி அனுப்பிவிட்டார்.

“எங்கம்மாவைப் பாத்தா திருடி மாதிரியா இருக்கு? பூட்டு இல்லாம வீட்டுப் பக்கம் வராதீங்க!” என்றாள் மனைவி.

தையல்காரர் மையத்துக்கு ஓடினார்.

“குழுவா உட்கார்ந்து மனசு விட்டுப் பேசிட்டீங்கன்னா போதும் சார், பூட்டு உங்க கையில. இங்க பேசறது எதுவும் வெளியே போகாது.”

வட்டமாக நாற்காலிகள். தையல்காரர் பயந்தவர் மாதிரி நடிக்கத்தான் ஆரம்பித்தார். நடுவில் மாமியார் ஞாபகம் வரவே, நிஜமாகவே அழுதுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த நாற்காலியில், காலில் மாவுக்கட்டுடன் ஒரு ஒல்லி ஆசாமி. ஆலோசகர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“கூச்சப்படாதீங்க தம்பி. உங்களை இப்படி ஆக்கினது யாரு?”

ஒல்லி ஆசாமி விரலைத் தையல்காரர் பக்கம் நீட்டினான்.

“இவருதான் மேடம்! தொழிலுக்குப் போன இடத்துல இவரு போட்ட கூச்சல்ல, அன்னையிலேர்ந்து எந்த வீட்டுக்குள்ள நுழையவும் எனக்குத் தைரியமே வரல!”