பதிமூன்று ஜிபி தாய்மாமன்

"எங்க அண்ணனை எடுத்துடுப்பா," என்றார் ரத்தினம்மாள் போனில்.

தனக்கோடிக்கு அழுகை வந்தது. ஜீவனஹள்ளியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். ரத்தினம்மாளின் மூத்த மகள் கல்யாணம் ஐப்பசியில் முடிந்தது, இப்போது மார்கழி. தை பிறந்தால் வரிசையாக மூன்று கல்யாணம். லேப்டாப்பில் மொத்தமே நாற்பது ஜிபி. இது வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே வரும்.

"தாய்மாமன் இல்லாம கல்யாண வீடியோவாம்மா?"

"நேத்து சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போறான். வெட்டு அவனை!"

தாய்மாமன் சந்திரசேகரன் முகூர்த்தக் கேசட் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். மூன்று நாள் உட்கார்ந்து வெட்டினான். இடம் வேண்டுமே என்று வெட்டியதை அழித்தும் தொலைத்தான்.

நாலாம் நாள் மறுபடி போன். "வீடியோவுல தான் இல்லேன்னு கேள்விப்பட்டு அண்ணன் வந்து அழுதுட்டுப் போச்சு. சேர்த்துடுப்பா."

ஒரு மணி நேரக் கேசட்டை மறுபடி ஏற்றப் பதிமூன்று ஜிபி வேண்டும். கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு ஓடினான்.

"ராம் போடலாமா, ஹார்டு டிஸ்க் மாத்தலாமா?"

"வைக்க இடம் இல்லையா, ஓடும்போது நிக்குதா?" என்றார் கடைக்காரர் சேஷகிரி.

"இடந்தான்."

"அப்போ டிஸ்க். நூறு ஜிபி. இனி யாரையும் அழிக்க வேணாம் சார்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? இனி இடப் பிரச்சினையே இல்லை என்று ரத்தினம்மாளிடம் பெருமையடித்தான்.

"அப்டியா! அப்போ அண்ணன் இருக்கற மாதிரி ஒண்ணு, இல்லாத மாதிரி ஒண்ணு பண்ணு. நாத்தனார் சரசுவும் ஒரு மாதிரிதான் பேசறா. அவளுக்கும் அப்டியே."

அண்ணன் உண்டு, நாத்தனார் இல்லை. நாத்தனார் உண்டு, அண்ணன் இல்லை. ஒரு கல்யாணம் நாலு கல்யாணமானது. லேப்டாப் மூச்சுத் திணறி நின்றது.

"இப்போ ராம்," என்றார் சேஷகிரி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். மனைவி கேட்டிருந்த மிக்ஸி அந்த ஒரு ஜிபியில் போயிற்று.

இதற்குள் சரசு சமாதானமாகிச் சீடையோடு வந்தாள். மறுவாரம் அண்ணன் முறைத்தார். இரண்டே நாளில் பழத்தோடு வந்தார். தனக்கோடி தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியாது.

போகியன்று யாருக்கும் யார்மேலும் கோபமில்லை என்று கேள்விப்பட்டான். இதை விட்டால் நாள் கிடையாது. எல்லாரையும் சேர்த்து டிவிடி போட்டுக்கொண்டு ஓடினான்.

உள்ளே அண்ணனும் நாத்தனாரும் போண்டா தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் இளைய மகள் வீணா. டிவிடியைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"அம்மாகிட்ட குடுத்துடாதீங்கண்ணா!"

"ஏம்மா? ஒருத்தரையும் விடலையே, எல்லாரும் இருக்காங்க!"

"அதாண்ணா பயமே. வீடியோவுல வெட்டிடுவாங்கன்னுதான் ஒரு மாசமா எல்லாரும் உடனே ஓடி வந்து பேசிக்கிறாங்க. இது வந்துட்டா, அப்புறம் எங்க வீட்டுக்கு யாருண்ணா வருவாங்க?"