ஓரெழுத்துத் திருத்தம்

தியான மண்டபத் திறப்பு விழாவுக்கு முதலில் வந்தது ஒரு புதுக் கல்யாண ஜோடி. வாசலில் நட்டிருந்த கல்லைப் படித்தார்கள். காரை அப்படியே திருப்பிக்கொண்டு ஜேடர்பாளையம் அணைப் பக்கம் போய்விட்டார்கள்.

கல்லில் 'செத்து இரு' என்று பெரிதாக வெட்டியிருந்தது.

வாசகம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பாலசுந்தரத்தின் கைங்கரியம். தியான இயக்கத்தைத் தொடங்கிய காளியண்ணன் ஐயா, ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதில் அதை விட்டுவிட்டுத் தியானத்துக்கு வந்தார். போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் கொடுத்த உபதேசமே இரண்டு சொல்தான்: "செத்த இரு."

'செத்த' என்ற பெயரெச்சம் வினையோடு சேராதே என்று வாத்தியாருக்கு உறுத்தியது. 'செத்து' என்று திருத்திவிட்டார். ஆணவம் செத்து இரு. பதினோரு வருஷமாக அவரும் தினமும் கண்ணை மூடி உட்கார்ந்து சாகத்தான் பார்க்கிறார், பாவம், கைகூடவில்லை.

"வாத்தியாருங்க, நம்ம பக்கம் செத்தன்னா கொஞ்ச நேரமுங்க," என்றான் கல் வெட்டிய தனபால்.

"அது எனக்குத் தெரியாதா? ஞானி அவ்வளவு சாதாரணமாவா பேசுவாரு? மேலே பெயின்ட்டுல ஒரு வரி சேரு. 'உயிரோடு இருக்கும்போதே.'"

தனபால் சேர்த்தான். மண்டபத்துக்குப் பாதிச் செலவு செய்த ஜவுளிக்கடைக்காரர் காரிலிருந்து இறங்கி வந்து, நின்று நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்க, என்னையுங்களா சொல்றீங்க? போன மாசந்தானுங்க பைபாஸ் ஆச்சு."

வாத்தியார் பதறிப்போய் ஒரு வெள்ளை வேட்டியால் கல்லை மூடி, மேலே ஒரு மாலையும் போட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் செருப்பைத் தள்ளியே கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள். ஒருவர் மெதுவாகக் கேட்டார்:

"எப்பங்க எடுக்கறாங்க?"

இனி ஐயாவின் மனைவி நல்லம்மாள்தான் கதி. மண்டபத்து மூலையில், யாரும் வருவதற்கு முன்பே வந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஐயா சொன்னது 'செத்து'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. என்னோட பதினோரு வருஷம் அதுலதான் நிக்குது."

"செத்த இருன்னா செத்த இருங்கறதுதானுங்க வாத்தியாரே. ரிக்கு வண்டியெடுத்துட்டு ஒடிசா, ராஜஸ்தான்னு போவாரு. ஊட்டை உட்டுக் கெளம்பறப்பெல்லாம் 'செத்த இரு புள்ள, வாரேன்'னுவாரு. எட்டு மாசம் ஆயிரும்."

வாத்தியார் வேட்டி மூடிய கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"சாயங்காலமானா சோறாக்கி வச்சுட்டு, வாசலைப் பாத்து உக்காந்துக்குவேன். மொதல்ல அழுகை வந்துச்சு. அப்பறம் கோவம் வந்துச்சு. அப்பறம் ஒண்ணுமே வர்றதில்லீங்க. ஒரு நா சொல்லாம வந்து நின்னவரு, என்னையப் பாத்துட்டு, 'எப்பிடி புள்ள இப்பிடி இருக்கறே'ன்னு கேட்டாரு. அந்த வாரமே வண்டியை வித்துப்போட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தவருதான்."

"அப்போ... ஐயாவோட உபதேசம்?"

நல்லம்மாள் அவரை அன்பாகப் பார்த்தார்.

"சொன்னது அவருங்க சாமி. இருந்தது நானுங்க."